மலைசூழ் கண்டி

இலங்கைத் தீவின் நடுப்பகுதியில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்த சிறு நகரம் கண்டி. ‘கந்த’ என்னும் சிங்களச் சொல்லுக்கு மலை என்பது பொருள். அதுவே நகரின் பெயருக்கு அடிப்படை. மலையும் காடும் மகாவலி ஆறும் இந்நகருக்கு இயற்கை அரண்களாயின. கடற்கரைப் பகுதிகளைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியராலும் டச்சுக்காரராலும் கண்டி அரசை வீழ்த்த இயலவில்லை. 1803இல் நகருக்குள் நுழைந்த ஆங்கிலேயப் படையும் நிலைக்க முடியாமல் அழிந்தது.

ஏரியும் அரசரும்

கண்டியைக் காணச் செல்வோர் நகரின் நடுவிலுள்ள ஏரியிலிருந்து தொடங்குவது நன்று. வயல்வெளியாக இருந்த நிலத்தை ஏரியாக மாற்றியவர், கண்டியின் இறுதி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர். கண்ணுசாமி என்பது அவரது இயற்பெயர். 1739 முதல் கண்டியை ஆண்ட நாயக்க மரபினர், மதுரையோடு மணவுறவால் பிணைந்தவர்கள். 1815இல் சிற்றரசர் சிலர் ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தபோது மலையரண் பயனற்றுப் போயிற்று. சிறைப்பட்ட மன்னர் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே மறைந்தார். வேலூரில் பாலாற்றங்கரையிலுள்ள முத்து மண்டபம் அவரது நினைவிடமாகும்.

மாளிகையும் தேவாலயங்களும்

ஏரியின் வடகரையில் புத்தரின் புனிதப் பல் போற்றப்படும் தலதா மாளிகை உள்ளது. நாள்தோறும் மும்முறை மேள முழக்கத்துடன் இங்கு வழிபாடு நிகழும். அருகிலேயே நாதர், விஷ்ணு, பத்தினி தேவாலயங்கள் உள்ளன. பத்தினி என்று சிங்களரால் வணங்கப்படுபவள் கண்ணகியே. சேரன் எடுத்த பத்தினி விழாவில் இலங்கை வேந்தன் கயவாகு கலந்துகொண்டதாகச் சிலப்பதிகாரம் கூறும் செய்தியை இங்கு நினைவுகூரலாம். ஆண்டுதோறும் ஆடி, ஆவணியை ஒட்டி நடைபெறும் எசல பெரகராவில், ஒப்பனை செய்யப்பட்ட யானைகளும் கண்டிய நடனக் கலைஞர்களும் அணிவகுப்பர். தலதா மாளிகை ஊர்வலத்தைத் தொடர்ந்து பத்தினி உள்ளிட்ட நான்கு தெய்வங்களின் ஊர்வலங்களும் செல்லும். யுனெஸ்கோ 1988இல் இந்நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பூங்காவும் தேயிலையும்

மாளிகைக்குப் பின்புறமுள்ள உடவத்தைக் காட்டில் நிழல் படர்ந்த பாதைகளில் நடந்து பறவைகளைக் காணலாம். நகருக்கு மேற்கே, மகாவலி ஆற்றின் வளைவுக்குள், 1821இல் நிறுவப்பட்ட பேராதனைத் தாவரவியல் பூங்கா அமைந்துள்ளது. தெற்கே அந்தானை மலையில் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலை அருங்காட்சியகமாக விளங்குகிறது. அங்குள்ள பொறிகளைப் பார்ப்போர், அவற்றுக்கு இலை பறித்துத் தந்த கைகளையும் எண்ணுதல் வேண்டும். முதலில் காப்பித் தோட்டங்களுக்கும், 1867க்குப் பின் பெருகிய தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து ஏழை உழவர்கள் கூட்டம் கூட்டமாகச் சென்றனர். மன்னாரிலிருந்து காடுகளின் வழியே நடந்தவர்களுள் பலர் நோயாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தனர். அவர்கள் சென்ற நாட்டைத் தமிழகச் சிற்றூர்கள் ‘கண்டிச் சீமை’ என்றே அழைத்தன.

மன்னர் அமைத்த ஏரிக்கும் மாளிகைக்கும் வரலாற்று ஏடுகளில் இடமுண்டு. பெயர் அறியப்படாத அவ்வுழைப்பாளர்களுக்கோ, கண்டியைச் சூழ்ந்த பசுந்தேயிலைச் சரிவுகளே நினைவுச் சின்னங்கள். இவ்விரண்டையும் சேர்த்துக் காண்பவரே கண்டியை முழுமையாகக் கண்டவராவார்.