கவுன்சிலில் இருந்து கடிதம் வந்தால் பயப்பட வேண்டுமா? நீங்கள் குடிவந்த ஊரும் அதன் உள்ளூராட்சியும்

சிட்னியின் மேற்குப் பக்கத்தில் வென்ற்வேத்வில், பெண்டில்ஹில், துங்காபி என்று புதிதாகக் குடிவந்தவர்கள் சிலர் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு கடித உறையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "அண்ணை, கவுன்சிலில இருந்து வந்திருக்கு. விசா விசயமோ?" என்று கேட்கும்போதே முகம் வாடியிருக்கும். பிரித்துப் பார்த்தால் குப்பை எடுக்கிற நாள் போட்ட கலண்டராக இருக்கும்.

இந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஊரில் குடியிருப்புப் பதிவு, கிராம சேவகரின் கடிதம், பொலிஸ் பதிவு என்று ஒவ்வொரு அரசாங்கக் கடுதாசியும் நம்மைத் தேடி வந்ததாகவே இருந்தது. ஆகவே கவுன்சில் என்றால் என்ன, அதுக்கு என்ன அதிகாரம் உண்டு, என்ன அதிகாரம் இல்லை என்பதை இம்முறை விளக்குகிறோம்.

இது யாருடைய ஊர்?

நீங்கள் இருக்கிற இந்த மண் முதலில் டாருக் மக்களுடையது. துங்காபி என்பதே அவர்களுடைய மொழிச் சொல். கிரவீன் என்ற பெயரும் பழங்குடி மக்களின் சொல்தான். பூக்கள் உள்ள இடம் என்று பொருள் சொல்வார்கள்.

ஆங்கிலேயர் 1788இல் சிட்னியில் இறங்கினார்கள். அடுத்ததாகப் பரமற்றா. அதற்குப் பிறகு 1791இல் துங்காபியில் அரசாங்கப் பண்ணை ஒன்றை ஆரம்பித்தார்கள். அங்கே காடு வெட்டியவர்கள் பிரித்தானியாவில் இருந்தும் அயர்லாந்தில் இருந்தும் தண்டனை பெற்றுக் கப்பலில் கொண்டுவரப்பட்ட கைதிகள். தங்கள் நிலம் பறிபோவதை டாருக் மக்கள் சும்மா பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. பெமுல்வோய் என்ற வீரர் 1797இல் துங்காபிப் பண்ணையைத் தாக்கினார். பிறகு பரமற்றாவில் நடந்த மோதலில் காயப்பட்டும் தப்பினார். 1802இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இன்று பக்கத்தில் ஒரு குடியிருப்புக்கே அவருடைய பெயர் வைத்திருக்கிறார்கள்.

மற்ற ஊர்ப் பெயர்களிலும் கதை உண்டு. வென்ற்வேத்வில், 1790இல் வந்த டார்சி வென்ற்வேர்த் என்ற அயர்லாந்து வைத்தியரின் பெயரால் வந்தது. பெண்டில்ஹில் இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள ஒரு மலையின் பெயர். லங்காஷயர் பஞ்சாலைகளுக்குப் பேர்போன இடம். 1920களில் பொண்ட்ஸ் உடுப்புக் கம்பெனி இங்கே பஞ்சாலை போட்ட காலத்தில் அந்தப் பெயரும் இங்கே வந்து சேர்ந்தது. நாம் இன்று "பெண்டில்ஹில் கடையடி" என்று சொல்கிறபோது, கடல் கடந்து வந்த ஒரு மலையின் பெயரைத்தான் சொல்கிறோம்.

கவுன்சில் எப்படி வந்தது?

பரமற்றாவுக்கு 1861இல் நகராட்சி கிடைத்தது. அதற்குத் தெற்கே 1872இல் புரொஸ்பெக்ற் அன்ட் ஷேர்வூட் என்று இன்னொரு நகராட்சி அமைந்தது. அதன் முதல் மேயர் ஆதர் ஹொல்ரொய்ட். 1927இல் அவருடைய பெயரையே அந்த நகராட்சிக்கு வைத்தார்கள். 2016 மே மாதம் மாநில அரசாங்கம் பல கவுன்சில்களை இணைத்தபோது, ஹொல்ரொய்ட்டையும் ஓபர்ன், பரமற்றா கவுன்சில்களின் சில பகுதிகளையும் சேர்த்துக் கம்பர்லண்ட் கவுன்சில் உருவானது. பழைய ஆட்கள் இன்னும் "ஹொல்ரொய்ட் கவுன்சில்" என்று சொல்வார்கள், குழம்ப வேண்டாம்.

வென்ற்வேத்வில், பெண்டில்ஹில், வெஸ்ட்மீட் ஆகிய ஊர்கள் இரண்டு கவுன்சில்களுக்குள் பிரிந்து கிடக்கின்றன. பெரும்பாலும் ரயில் பாதைக்குத் தெற்கே கம்பர்லண்ட், வடக்கே பரமற்றா. துங்காபியில் பிளக்ரவுன் கவுன்சிலுக்கும் ஒரு துண்டு உண்டு. உங்களுடைய கவுன்சில் எது என்று வீட்டுக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கவுன்சிலும் குடிவரவும் ஒன்றா?

இல்லவே இல்லை. இங்கே அரசாங்கம் மூன்று படியாக இருக்கிறது.

1. கன்பராவில் உள்ள மத்திய அரசாங்கம். விசா, புகலிடக் கோரிக்கை, குடியுரிமை எல்லாம் இதன் கையில். உங்கள் விண்ணப்பத்தைப் பார்ப்பது ஹோம் அஃபெயர்ஸ் திணைக்களம்.
2. மாநில அரசாங்கம். ஆஸ்பத்திரி, அரசாங்கப் பள்ளிக்கூடம், பொலிஸ், ரயில், வாகன லைசென்ஸ்.
3. கவுன்சில். நம்மூர்ப் பிரதேச சபை, நகர சபை மாதிரி. குப்பை, நடைபாதை, பூங்கா, நூலகம், கட்டிட அனுமதி, சாப்பாட்டுக் கடைச் சுத்தம், நாய் பதிவு, தெருவோர வாகனத் தரிப்பு.

கவுன்சிலுக்கு ஒருவருக்கு விசா கொடுக்கவோ, விசாவை நிறுத்தவோ அதிகாரம் கிடையாது. கிராம சேவகர் போல வீட்டு வீடாக ஆட்களைப் பதிகிற வேலையும் அதுக்கு இல்லை. நீங்கள் ஒரு வீட்டுக்குக் குடிபோனால் கவுன்சிலில் போய்ப் பதியத் தேவையில்லை. ஆனால் முகவரி மாறினால் ஹோம் அஃபெயர்ஸுக்கு அறிவிக்க வேண்டும் என்று உங்கள் விசாவில் நிபந்தனை இருக்கலாம். அது வேறு விசயம். அதை உங்கள் சட்டத்தரணியிடம் கட்டாயம் கேளுங்கள்.

என்ன கடிதம் வரும்? என்ன செய்வது?

ரேட்ஸ்: இது வீடு, காணி வைத்திருப்பவர் கவுன்சிலுக்குக் கட்டும் வரி. வாடகைக்கு இருப்பவர் கட்ட வேண்டியதில்லை. நியூ சவுத் வேல்ஸ் சட்டப்படி அது வீட்டுச் சொந்தக்காரரின் பொறுப்பு. வாடகைக்கு மேலால் "கவுன்சில் காசு" என்று யாராவது கேட்டால் கொடுக்க முன்னம் எங்களிடம் வாருங்கள்.

குப்பை: சிவப்பு மூடி வீட்டுக் குப்பைக்கு. மஞ்சள் மூடி மறுசுழற்சிக்கு. பச்சை மூடி தோட்டக் கழிவுக்கு. சில கவுன்சில்களில் சாப்பாட்டு மிச்சமும் அதற்குள் போடலாம். பழைய மெத்தை, சோபாவை வீதிக்கரையில் சும்மா வைக்காதீர்கள், அபராதம் வரும். கவுன்சிலுக்கு அறிவித்து நாள் கேட்டு வைக்க வேண்டும்.

பார்க்கிங் அபராதம்: இதை ஒளித்து வைப்பதுதான் பெரிய பிழை. நாள் போகப் போகத் தொகை கூடும். காசு இல்லாவிட்டால் தவணையாகக் கட்டக் கேட்கலாம். மிகவும் கஷ்டப்பட்டவர்கள் அங்கீகாரம் பெற்ற அமைப்பொன்றில் தொண்டு வேலை, படிப்பு போன்றவற்றைச் செய்து அபராதத்தைக் குறைக்கவும் மாநிலத்தில் ஒரு திட்டம் உண்டு. தகுதி இருக்கிறதா என்று நாங்கள் பார்த்துச் சொல்வோம்.

கராஜ் வீடு: வாடகை குறைவு என்று சிலர் கராஜுக்குள் இருக்கிறீர்கள். அனுமதி இல்லாமல் கராஜை வீடாக்கினால் கவுன்சில் பரிசோதகர் வரக்கூடும். அவர் பார்ப்பது கட்டிடத்தை. தீப்பிடித்தால் வெளியேற வழி இருக்கிறதா, புகை அலாரம் இருக்கிறதா என்பதுதான் அவருக்குக் கவலை. உங்கள் உயிருக்கும் அதுதான் முக்கியம். அனுமதி இல்லாத கட்டிடத்துக்குக் கட்டளை வந்தால் வழக்கமாக அது சொந்தக்காரருக்கே வரும். அன்றிரவே மூட்டை கட்டிக்கொண்டு ஓடாதீர்கள். வாடகைக்கு இருப்பவர் என்ற முறையில் உங்களுக்கும் உரிமை உண்டு. முதலில் இலவச வாடகைக்காரர் ஆலோசனைச் சேவையிடம் கேளுங்கள். தொலைபேசி இலக்கம் எடுத்துத் தர நாங்கள் உதவுவோம்.

ஆங்கிலத்தில் பேச முடியாவிட்டால் 131 450க்கு அழைத்து "தமிழ்" என்று சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கவுன்சிலோடு பேசலாம்.

கவுன்சிலில் உங்களுக்கு என்ன உண்டு?

நூலகம் உண்டு. உள்ளே போய் இருந்து வாசிக்க யாரும் விசா கேட்கமாட்டார்கள். புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக அங்கத்தவராகச் சேர வேண்டும், அது இலவசம். பெயரும் முகவரியும் உள்ள ஏதாவது பத்திரம் கேட்பார்கள். கொம்பியூட்டர், பிள்ளைகளுக்குக் கதை நேரம், சில இடங்களில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியும் இருக்கும்.

வாக்கு இப்போது உங்களுக்கு இல்லை. வாக்காளர் இடாப்பில் பதிய அவுஸ்திரேலியக் குடியுரிமை வேண்டும். கம்பர்லண்டிலும் பரமற்றாவிலும் ஐந்து வட்டாரங்கள், வட்டாரத்துக்கு மூன்று பேராகப் பதினைந்து கவுன்சிலர்கள். அவர்கள் தங்களுக்குள் ஒருவரை மேயராகத் தெரிவு செய்வார்கள். நாலு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல். கடைசியாக 2024 செப்டெம்பரில் நடந்தது.

வாக்கு இல்லை என்றால் வாயும் இல்லை என்று நினைக்காதீர்கள். கவுன்சில் கூட்டத்தை யாரும் போய்ப் பார்க்கலாம். முன்கூட்டியே பதிந்தால் பேசவும் கேட்கலாம். தெருவிளக்கு எரியவில்லை, பிள்ளைகள் நடக்கிற பாதை உடைந்து கிடக்கிறது என்றால் முறையிடலாம், மனுவில் கையெழுத்துப் போடலாம். பக்கத்தில் ஒரு கட்டிடம் வரப்போகிறது என்றால் உங்கள் கருத்தை எழுதி அனுப்பலாம். மேஸ்ஹில்லில் 1999இல் கும்பாபிஷேகம் கண்ட சிட்னி முருகன் கோயில் இருப்பதும் இன்றைய கம்பர்லண்ட் கவுன்சில் எல்லைக்குள்தான். இங்கே ஒரு சனம் வேர்விட வேண்டுமென்றால் கவுன்சில் வாசற்படி ஏறியே ஆக வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்திருங்கள். அவுஸ்திரேலிய அகதிகள் சபை 2002இல் "அகதிகளை வரவேற்கும் பிரதேசம்" என்ற திட்டத்தைத் தொடங்கியது. கம்பர்லண்ட், பரமற்றா, மெல்பேர்னில் கிரேற்றர் டண்டினோங் எல்லாம் அதில் கையெழுத்திட்ட கவுன்சில்கள். அது சட்டம் அல்ல, அதை வைத்து விசா கேட்க முடியாது. ஆனால் உங்களை வரவேற்கிறோம் என்று அவர்கள் எழுத்தில் கொடுத்த வாக்கு அது. 2023இல் இந்தியாவில் பிறந்த சமீர் பாண்டே பரமற்றாவின் மேயராக வந்தார். கைதிகள் காடு வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில், வெளியில் இருந்து வந்த ஒருவர் அந்தக் கதிரையில் இருந்தார்.

மெல்பேர்ன் வாசகர்களுக்கு: குப்பை முறையும் தேர்தல் விதியும் வாடகைச் சட்டமும் விக்டோரியாவில் வேறு மாதிரி. ஆனால் கவுன்சிலுக்கும் விசாவுக்கும் தொடர்பு இல்லை என்பது அங்கும் அப்படியே.

ஆகவே அடுத்த முறை கவுன்சில் கடிதம் வந்தால் கிழித்தெறியாதீர்கள், மெத்தைக்குக் கீழே வைக்காதீர்கள். பிரித்துப் பாருங்கள். விளங்காவிட்டால் எங்களிடம் கொண்டு வாருங்கள், சேர்ந்து வாசிப்போம்.