பாட்டன் பெயர் பதிவேட்டில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது?

கோடம்பாக்கத்தில் வசிக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு எங்களிடம் பழுப்பேறிய கிஸ்தி ரசீது ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய ஆயாவின் இரும்புப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் இருந்தது அது. செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பெயரும், சர்வே எண்ணும், ‘முனியன்’ என்ற பெயரும் அதில் தெரிந்தன. ஐம்பதுகளில் படப்பிடிப்புத் தளங்களில் செட் வேலைக்கென்று சென்னைக்கு வந்த குடும்பம் அது. “எங்க தாத்தா பேருல நெலம் இருந்துச்சுப்பா, அப்புறம் போயிடுச்சு” என்பதற்கு மேல் ஆயாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. நிலம் எப்படி வந்தது, எப்படிப் போனது, அந்த முனியன் யார் என்பதே மாணவரின் கேள்வி. இதே கேள்வியோடு வருவோர் பலர் என்பதால், தேடும் வழியை இங்கே விளக்க முனைகிறோம்.

முதலில், காலனிய ஆட்சியில் தலித் ஒருவர் பெயரில் நிலம் இருந்திருக்க முடியுமா என்ற ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். செங்கல்பட்டுச் சீமையில் மிராசு உரிமை வேரூன்றியிருந்தது. 1790களில் அங்கே கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் அவ்வுரிமையை வலுவாக ஆதரித்தார். தரிசு நிலத்துக்கு யார் தர்காஸ்து கொடுத்தாலும் மிராசுதாருக்கே முன்னுரிமை. சேரி அமைந்திருந்த மனைகூடத் தம்முடையது என்றே மிராசுதார்கள் வாதிட்டனர். கூலி உயர்வு கேட்டவரைக் குடிசையை விட்டு வெளியேற்றுவது எளிதாயிற்று. 1843ஆம் ஆண்டின் சட்டம் அடிமைமுறைக்கான சட்ட ஏற்பை நீக்கியது. ஆனால் பண்ணையாளின் காலடியில் மண் இல்லாதவரை அச்சட்டத்தால் அவர் அடைந்த பயன் சொற்பமே.

இந்நிலையைத்தான் செங்கல்பட்டு கலெக்டர் ஜே.எச்.ஏ. திரமென்கீர் 1891இல் அரசுக்கு அனுப்பிய குறிப்பில் விரிவாக எழுதினார். ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கூடி போன்ற மிஷனரிகளும் அக்காலத்தில் இதற்காகக் குரல் எழுப்பினர். அந்த மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கியதும் 1893இல்தான். கருணை கலெக்டர் ஒருவரின் உள்ளத்தில் திடீரெனச் சுரந்துவிடவில்லை; கீழிருந்து எழுந்த அழுத்தமும் அக்கதையின் பகுதி. 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட வருவாய்த் துறை ஆணைகள் 1010, 1010ஏ ஆகியவற்றின் வழியே ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிலம் ஒப்படைக்கும் ஏற்பாடு வந்தது. பஞ்சமி நிலம், டி.சி. நிலம் என்று நாம் சொல்வது இதனையே. சென்னை மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் இவ்வாறு வழங்கப்பட்டதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன்பின் விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்க வேண்டும், மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்னும் நிபந்தனைகள் பின்னர் வருவாய் வாரிய நிலையாணை 15இல் இடம்பெற்றன.

ஆகவே முனியன் என்ற உழவர் பெயரில் நிலம் இருந்தது என்பது ஆயாவின் கனவாக இருக்க வேண்டியதில்லை.

தேடலை இன்றிலிருந்து பின்னோக்கி நடத்துவதே முறை. இன்றைய பட்டா, சிட்டா, அ பதிவேடு ஆகியவை பெரும்பாலும் 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் உருவானவை, அலுவலகங்களில் ‘யு.டி.ஆர்.’ என்பார்கள். அன்று அனுபவத்தில் இருந்தவர் பெயர் ஏறியது; பல ஊர்களில் டி.சி. நிபந்தனையைச் சுட்டிய குறிப்பு விடுபட்டது. எனவே அ பதிவேட்டில் பாட்டன் பெயர் இல்லையென்று திரும்பிவிடக் கூடாது. அதற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும் மறுநிலவரித் திட்டப் பதிவேட்டையும் கேட்க வேண்டும். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எதிரே ஒரு குறிப்புக் கலம் உண்டு. பெயரைவிட அந்தக் கலமே நமக்கு முக்கியம். நிபந்தனை ஒப்படை என்பதற்கான சுவடு அங்கேதான் கிடைக்கும். நகல் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மனுச் செய்யலாம். பதில் 30 நாளில் வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. பழைய அரசாணைகளுக்கும் வருவாய் வாரிய நடவடிக்கைகளுக்கும் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் போக வேண்டும்.

நிலம் கைமாறிய கதையைச் சொல்வது வில்லங்கச் சான்று. கணினியில் கிடைப்பது பெரும்பாலும் 1975க்குப் பிந்தையது. அதற்கு முன்னே போக, சார்பதிவாளர் அலுவலகத்தில் கைமுறைத் தேடலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அடமானம், போக்கியம், பிறகு கிரயம் என்று அடுத்தடுத்து வரும் பதிவுகளைத் தேதியோடு குறித்து வந்தால், ஒரு குடும்பம் எந்த ஆண்டுப் பஞ்சத்தில், எந்தக் கல்யாணத்தில் நிலத்தை இழந்தது என்பதுகூடப் புலப்படும்.

நகரத்துக்குள் தேடுவோருக்குச் சிக்கல் வேறு. கோடம்பாக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் அது செங்கல்பட்டு மாவட்டம் சைதாப்பேட்டை வட்டத்துக் கிராமம். பக்கத்தில் தியாகராய நகர் எழுந்ததே 1920களில் பெரிய ஏரியொன்றைத் தூர்த்துத்தான். கோடம்பாக்கத்தின் பெரும்பகுதி வருவாய் ஆவணங்களில் இன்றும் ‘புலியூர்’ கிராமமாகவே இருக்கிறது. பதிவேட்டில் கோடம்பாக்கம் என்று மட்டும் தேடுபவர் வெறுங்கையோடு திரும்புவார். வயலின் பழைய சர்வே எண்ணும் இன்றைய நகர அளவை எண்ணும் வேறுவேறு. இரண்டையும் பொருத்திக் காட்டும் பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தலைப்பெழுத்து ஒரு தலைமுறையோடு மாறிவிடும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமும் சேர்ந்துகொண்டால், ஒரே பதிவேட்டில் நான்கு சின்னான்களும் ஐந்து குப்பன்களும் நிற்பார்கள். பெண்கள் பெயரோ அரிது. நாற்று நட்டவளும் கிஸ்திக்குக் காசு சேர்த்தவளும் எந்தக் கலத்திலும் இல்லை. எனவே ஆயாக்களின் நினைவை முதல் ஆவணமாகக் கொள்ளுங்கள். காப்பகம் காத்திருக்கும், அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். கிறித்தவக் குடும்பமானால் ஞானஸ்நானப் பதிவேடு தந்தை, தாய் இருவர் பெயரையும் தரும். உறவினர் எவரேனும் 1860க்கும் 1911க்கும் இடையே நேட்டாலுக்குக் கப்பலேறியிருந்தால், அந்தக் கப்பல் பட்டியல்களில் தந்தை பெயர், சாதி, வட்டம், கிராமம், உடலிலுள்ள தழும்பு வரை எழுதப்பட்டிருக்கும். கூலிகளை எண்ணுவதற்காக எழுதியது, பேரப்பிள்ளைகளுக்கு வம்சாவளியாகப் பயன்படுகிறது.

இந்தத் துன்பம் நமக்கு மட்டுமுரியதன்று. அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்கள் வேர் தேடும்போது 1870ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் முட்டி நிற்கின்றன. 1850, 1860ஆம் ஆண்டுகளின் அடிமைப் பட்டியல்களில் உடைமையாளர் பெயர் உண்டு; அடிமைப்பட்டவருக்கு வயதும் பாலினமும் நிறமுமே உண்டு. ஆனால் அதற்கும் இரண்டு நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு கறுப்பின நிலவுடைமையாளரின் குடும்பத்தை ஆய்வாளர்களால் மூன்று தலைமுறை வரை தொடர முடிந்திருக்கிறது. 1621இல் வர்ஜீனியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அவர் பதிவில் வெறும் ‘அந்தோனியோ’. விடுதலை பெற்று ஆண்டனி ஜான்சன் ஆனார். 1651இல் 250 ஏக்கர் பெற்றார். 1670இல் அவர் மறைந்ததும், அவர் கறுப்பர், ஆதலால் அயலார் என்று ஜூரிகள் தீர்த்து, வர்ஜீனியாவில் இருந்த நிலத்தை அரசுக்கு உரியதாக்கினர். பேரன் ஜான் 1677இல் மேரிலாந்தில் 44 ஏக்கர் வாங்கி அதற்கு ‘அங்கோலா’ என்று பெயரிட்டார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் குடும்பம் பதிவுகளிலிருந்து மறைகிறது. ஜான்சனைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஜான் கேசர் என்ற கறுப்பினத்தவரை வாழ்நாள் ஊழியராகத் தமக்கே உரியவர் என்று வழக்காடி 1655இல் தீர்ப்புப் பெற்றவரும் அவரே. முன்னோரைத் தேடுபவர் பெருமைக்கு உரியதை மட்டும் பொறுக்கியெடுக்க முடியாது. நிலத்தைத் தன் தங்கைக்குத் தராமல் விற்ற பாட்டனையும் நாம் சந்திக்க நேரலாம்.

இங்கே தேடலுக்கு விலையும் உண்டு. செங்கல்பட்டுக்கு அருகே காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தை ஒட்டி 1994 அக்டோபர் 10 அன்று நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர். நிபந்தனையை மீறி நடந்த கிரயத்தை எதிர்க்க, ஒப்படை பெற்றவர் யார், அவருடைய வாரிசுகள் யார் என்பதை ஆவணத்தோடு காட்டினால் ஊராரின் கோரிக்கைக்குப் பலம் கூடும். அப்போது வம்சாவளி வெறும் குடும்பப் பெருமையாக நிற்பதில்லை. ஆகவே கிடைக்கும் ஒவ்வொரு நகலையும் ஒருவரே வைத்துக்கொள்ளாமல் ஊரில் இரண்டு மூன்று வீடுகளில் பிரதி வைப்பது நல்லது.

கோடம்பாக்கத்து மாணவருக்கு ஏழு மாதமும் ஒரு மேல்முறையீடும் ஆயின. பழைய பதிவேட்டின் நகல் வந்தது. சர்வே எண் பொருந்தியது. குறிப்புக் கலத்தில் நிபந்தனை ஒப்படை என்று மங்கலாகத் தெரிந்தது. பெயர் ‘முனியன்’, தகப்பன் பெயர் இல்லை. ஆயாவிடம் படித்துக் காட்டினார். கிழவி சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “அவரு பேரு முனுசாமிடா. நமக்கெல்லாம் சாமின்னு எழுத மாட்டாரு கணக்குப்பிள்ள.” மாணவர் இப்போது முனுசாமியும் முனியனும் ஒருவரே என்று காட்ட, அதே ஊரின் பழைய வாக்காளர் பட்டியலைத் தேடிக்கொண்டிருக்கிறார்.