குறைந்தது கணக்கு, குறைந்தது அரிசி

புதுதில்லி: போரில் சிக்கிய மக்களுக்கு எவ்வளவு அரிசி அனுப்புவது என்பது தலைக்கணக்கைப் பொறுத்தது. அந்தக் கணக்கு பிழைத்தால் என்ன நேரும் என்பதற்கு இலங்கையின் வன்னி சாட்சி.

2008 செப்டம்பரில் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். வன்னியில் சிக்கியிருப்போர் சுமார் 70 ஆயிரம் பேர் என 2009 பிப்ரவரியில் அன்றைய வெளியுறவு அமைச்சர் பிரணாப் முகர்ஜி மக்களவையில் தெரிவித்தார். கொழும்பு கூறிய கணக்கும் ஏறத்தாழ அதுவே. களத்திலிருந்த முல்லைத்தீவு அரசு அதிகாரிகளின் மதிப்பீடோ 3 லட்சத்தைத் தாண்டியது.

நிலவழி அடைபட்ட பின், சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் கப்பல்களே உணவை இறக்கிக் காயமுற்றோரை ஏற்றிச் சென்றன. அவர்களுக்குப் புல்மோட்டையில் இந்திய மருத்துவக் குழு சிகிச்சை அளித்தது. மே 9-க்குப் பின் கப்பல்களும் கரையை நெருங்க இயலவில்லை.

போர் முடிந்தபோது முகாம்களில் இருந்தோர் 2.8 லட்சத்தை ஒட்டியிருந்தனர். இலங்கை அரசு வேண்டுமென்றே எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டியதாக 2011-ல் ஐ.நா. நிபுணர் குழு கூறியது. மக்களை வெளியேற விடாமல் விடுதலைப் புலிகள் தடுத்ததையும் அக்குழு சுட்டிக்காட்டியது.

தில்லியில் வாசிக்கப்பட்ட எண், வன்னியில் ஒரு வேளைக் கஞ்சியின் அளவு. கணக்கில் வராதவருக்குக் கப்பலில் அரிசி ஏறுவதில்லை.