மருமகனுக்கு ஏழு சதவீதம்

ஒரு காலத்தில் நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளில் அப்பன் சொத்து பிள்ளைக்குப் போகாது. வயலும் தோப்பும் தரவாட்டுக்கு, அதாவது தாய்வழிக் கூட்டுக் குடும்பத்துக்குச் சொந்தம். ஆள்பவர் காரணவர் எனப்படும் குடும்பத்தின் மூத்த ஆண். அவர் காலத்துக்குப் பின் உரிமை அவருடைய சகோதரியின் மகனுக்கு, அதாவது மருமகனுக்கு. இதுதான் மருமக்கள் வழி. பெண்டாட்டி பிள்ளைகளுக்கு 'உகந்துடைமை' என்று ஒரு பங்கு உண்டு. அது நாலில் ஒன்றைத் தாண்டாது. அதையும் பல வீடுகளில் கோர்ட் வாசலில் நின்றுதான் வாங்கினார்கள்.

தேரூர்க்காரரான கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1917-18இல் 'தமிழன்' இதழில் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' எழுதினார். கதை சொல்பவள் ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி. நகைச்சுவை நூல் என்று வகுப்பில் நடத்துவார்கள். என்னைக் கேட்டால், அது அரசாங்கத்துக்கு எழுதிய மனு. மருமக்கள் வழி பெண்ணுக்கு ஆதரவானது என்று இன்று ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் அதை ஒருமுறை படிக்கட்டும். பெண் வழியாக வந்த சொத்தில் அதிகாரம் செலுத்தியவர் ஆண்தான்.

மனு பலித்தது என்றே சொல்ல வேண்டும். கொல்லம் ஆண்டு 1101இல், அதாவது 1926இல், அப்போது இந்தப் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தைக் கொண்டுவந்தது. பாகம் பிரிக்க வழி பிறந்தது. மனைவி மக்கள் வாரிசுகளானார்கள். பெரிய தரவாடுகள் துண்டு துண்டாகப் பாகமாயின. 1956இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவைப் புரட்டினால், நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தின் பெயர் இன்றும் அதில் இருக்கும். தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்ற இரண்டு தாலுகாக்களின் வழக்கம் நாடாளுமன்றச் சட்டத்தில் ஏறியது சின்ன விஷயமில்லை. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று, இந்தத் தாலுகாக்கள் அடங்கிய குமரி இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தது.

கிறித்தவர்கள் கதை வேறு. 1916இன் திருவிதாங்கூர்ச் சட்டம் மகளுக்குப் பொதுவாக வைத்தது மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. 1978இல்கூட அந்தச் சட்டமே செல்லும் என்றது சென்னை உயர் நீதிமன்றம். 1986இல் மேரி ராய் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது.

இப்போது சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் எழுதினால் முத்திரைத்தீர்வை ஒரு சதவீதம், பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம். 2023 ஜூலை முதல் இவற்றின் உச்சவரம்பு முறையே 40,000, 10,000 ரூபாய். குடும்பம் என்றால் யார்? அப்பா, அம்மா, கணவன், மனைவி, மகன், மகள், பேரன் பேத்தி, உடன்பிறந்தவர்கள். அவ்வளவுதான். சகோதரி மகன் அந்தப் பட்டியலில் இல்லை!

கல்யாணம் கட்டாத ஒரு மாமா, அரசு வழிகாட்டி மதிப்பில் 20 லட்சம் பெறும் தோப்பை மருமகனுக்கு எழுதுகிறார் என்று வையுங்கள். மகனுக்கென்றால் 30,000 ரூபாயில் முடிந்திருக்கும். மருமகனுக்கு முத்திரைத்தீர்வை ஏழு சதவீதம், பதிவுக் கட்டணம் இரண்டு சதவீதம், ஆக 1,80,000. வழிப்போக்கனுக்கு விற்றாலும் இதே கணக்குதான். எழுதாமலே மாமா இறந்துபோனாலும் மருமகன் கடைசியில்தான் நிற்க வேண்டும். மனைவி, மக்கள், தாய் என்ற முதல் வகுப்பு வாரிசுகள் யாரும் இருக்கக்கூடாது. தகப்பனும் உடன்பிறந்தவர்களும் இருக்கக்கூடாது. இரண்டாம் வகுப்பின் நாலாவது வரிசையில் அவன் பெயர் வரும்.

ஆதாரம், அதாவது பத்திரம், எழுதுகிறவர்களுக்கு இது தெரியாதா? "நேரா அவன் பேருக்கு எழுதாண்டாம் அண்ணாச்சி. தங்கச்சி பேருக்கு ஒண்ணு, தங்கச்சிக்கிட்டேருந்து அவனுக்கு ஒண்ணு" என்பார்கள். இரண்டு ஆதாரம், 60,000 ரூபாய், 1,20,000 மிச்சம். சட்டம் போட்டு மூடிய பழைய பாதையில், சகோதரி வழியாகவே, சொத்து மறுபடி மருமகனுக்குப் போகிறது. காரணவர்கள் இதைப் பார்த்தால் சிரிப்பார்கள். ஆனால் தங்கச்சிக்கு வேறு பிள்ளைகளும் உண்டென்றால், அவள் பெயரில் நிற்கும் அந்த இடைவெளியில் அவளுக்கு ஏதாவது ஆனால், தோப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் பாகமாகிவிடும்.

பெற்றோர் பிள்ளைகளுக்கு எழுதும் ஆதாரத்திலும் இன்று ஒரு புதிய வரி தேவைப்படுகிறது. 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம், 23ஆம் பிரிவின்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பிள்ளை கைவிட்டால் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்து ரத்து செய்யலாம். காரணவர் அரிசி அளந்து கொடுத்த காலத்தில் பிள்ளைகள் கையேந்தினார்கள். இன்று கையெழுத்துப் போட்டுவிட்டுத் தகப்பன் கையேந்துகிற வீடுகளும் இருக்கின்றன. எழுதிக்கொடுக்க நினைப்பவர்கள் அந்த நிபந்தனையை ஆதாரத்திலேயே சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

அரசுக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளையில்லாத மாமாவும் அத்தையும் சித்தியும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொள்வது பல வீடுகளில் உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள்தான். 'குடும்பம்' என்ற விளக்கத்தில் அந்தப் பிள்ளைகளையும் சேர்த்துவிடுங்கள்.