தீ வைக்காதீர்கள், முகவரி எரிந்துவிடும்

கிராமத்துச் சாலையோரக் குப்பையைப் பார்த்ததும் ‘ஜனங்களுக்குப் பொறுப்பே இல்லை’ என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகிறோம். பஸ் ஜன்னல் வழியாக வீசிய தண்ணீர் பாட்டிலுக்கும் சிப்ஸ் பாக்கெட்டுக்கும் அந்தப் பேச்சு பொருந்தும். ஓடைப்பாலத்துக்குப் பக்கத்தில் விடிவதற்குள் வந்து குவிந்துவிடும் சாக்குமூட்டைகளுக்குப் பொருந்தாது. அவற்றை யாரோ உட்கார்ந்து கட்டியிருக்கிறார்கள், வண்டி பிடித்திருக்கிறார்கள், டீசலுக்கும் டிரைவருக்கும் பணம் கொடுத்திருக்கிறார்கள். கோழிக்கடையின் இறகும் குடலும், இடித்த வீட்டின் காரையும் டைல்ஸ் சில்லும், தையல் கம்பெனியின் வெட்டுத்துணியும், ஆஸ்பத்திரியின் ஊசியும் டியூபும் எதுவானாலும் அதை முறையாக அகற்ற ஒரு செலவு உண்டு. அந்தச் செலவை மிச்சம் பிடிக்கத்தான் ராத்திரியில் வண்டி வருகிறது. மிச்சமான பணம் ஒருவர் கைக்குப் போகிறது. நாற்றமும் நாய்க்கூட்டமும் கெட்டுப்போன கிணற்றுத் தண்ணீரும் ஊரின் பங்குக்கு வந்து சேர்கின்றன.

இதை ஒழுக்கக் குறைவு என்று எடுத்துக்கொண்டால் பலகை வைப்போம். ‘இங்கு குப்பை கொட்டாதீர்’ என்ற பலகையின் காலடியிலேயே குவியல் கிடக்காத ஊர் எத்தனை இருக்கும்? குற்றம் என்று எடுத்துக்கொண்டால் கேட்க வேண்டிய கேள்விகளே வேறு. இது யாருடைய குப்பை? அதை எப்படி நிரூபிப்பது? யாரிடம் எழுதிக் கொடுப்பது?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதைத் திருநெல்வேலி மாவட்டம் 2024 டிசம்பரில் காட்டியது. நடுக்கல்லூர், கோடகநல்லூர், பழவூர் பகுதிகளில் மருத்துவக் கழிவு மூட்டை மூட்டையாகக் கொட்டப்பட்டிருந்தது. கேரளத்திலிருந்து எல்லை தாண்டி வந்த குப்பை. அந்தப் பக்கத்து மக்களுக்கு இது புதிதல்ல. தென்காசி, கன்னியாகுமரி, கோவை மாவட்டங்களின் எல்லையோர ஊர்கள் பல வருடங்களாகப் புகார் சொல்லிவருகின்றன. இந்த முறை மூட்டைக்குள் திருவனந்தபுரத்து மருத்துவமனைகளின் பெயர் அச்சடித்த காகிதங்கள் கிடைத்தன. வழக்குகள் பதிவாயின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு தலையிட்டு, கழிவைக் கேரளமே எடுத்துப்போக வேண்டும் என்று கெடு விதித்தது. டிசம்பர் 22-ஆம் தேதி கேரள அதிகாரிகள் லாரிகளுடன் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். கைதானவர்களில் உள்ளூர் ஆட்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இடம் காட்ட ஆள் இல்லாமல் வெளியூர் லாரி ராத்திரியில் குளத்தங்கரைக்கு வழி கண்டுபிடித்து வராது.

அந்தக் காகிதங்களை யாராவது கொளுத்தியிருந்தால் இத்தனையும் நடந்திருக்குமா? நம் ஊர்களில் முதலில் செய்கிற காரியம் அதுதான். நாற்றம் தாங்காமல், மாடு மேயுமே என்ற பயத்தில், நல்லெண்ணத்தோடுதான் தீ வைக்கிறார்கள். குளுக்கோஸ் டியூப், பி.வி.சி. பைப், வயரின் மேலுறை ஆகியவை திறந்தவெளியில் எரியும்போது டயாக்சின் என்ற நச்சு உருவாகிறது. அது காற்றோடு போய்விடுவதில்லை. புல்லில் படிந்து, மாட்டின் உடலில் சேர்ந்து, பால் வழியாக வீட்டுக்குத் திரும்பி வருகிறது. தீ அணைந்த பிறகு மிஞ்சும் சாம்பலில் பில் இல்லை, கூரியர் ஸ்டிக்கர் இல்லை, மாத்திரை அட்டையின் பேட்ச் எண் இல்லை. கொட்டியவருக்கு இதைவிடப் பெரிய உதவியை யாரும் செய்ய முடியாது.

ஆகவே குவியலைக் கண்டதும் முதல் வேலை படம் எடுப்பது. தூரத்திலிருந்து ஒன்று, அதில் மைல்கல்லோ மின்கம்ப எண்ணோ கோயிலோ, இடத்தை அடையாளம் காட்டும் ஏதாவது தெரிய வேண்டும். பிறகு கிட்டத்தில். கையால் எதையும் பிரிக்கக் கூடாது. நீளமான கம்பால் மேலே கிடப்பதைப் புரட்டினாலே போதும், பெரும்பாலும் ஏதோ ஒரு பெயர் தென்படும். மருத்துவக் கழிவு என்றால் பையின் நிறத்தைக் கவனியுங்கள். 2016-ஆம் ஆண்டு விதிப்படி ரத்தக்கறை பட்ட பஞ்சுக்கும் கட்டுத்துணிக்கும் மஞ்சள் பை, டியூப் போன்ற பிளாஸ்டிக்குக்குச் சிவப்பு, ஊசிக்குக் குத்த முடியாத வெள்ளைப் பெட்டி, கண்ணாடிக்கு நீலம். பையில் பார்கோடு ஒட்டியிருக்க வேண்டும் என்பதும் அதே விதி. பார்கோடு இருந்தால் எந்த ஆஸ்பத்திரி என்று தேடிப் பிடிக்கலாம். இல்லாவிட்டால் அதுவே ஒரு மீறல். செல்போனில் எடுத்த மூலப் படத்தை அழிக்காமல் அந்தப் போனிலேயே வைத்திருங்கள்; வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த படத்தில் தேதியும் இடமும் தொலைந்துபோகும், நீதிமன்றத்தில் எடுபடுவதும் கடினம்.

அடுத்து வருவதுதான் ஆளைச் சலிக்கவைக்கும் கட்டம். ஊராட்சியில் கேட்டால் ‘அது ஹைவேஸ் இடம்’ என்பார்கள். நெடுஞ்சாலைத் துறையில் ‘கண்மாய் எங்களுடையது இல்லை’ என்பார்கள். நீர்வளத் துறையில் ‘குப்பை ஊராட்சி வேலை’ என்பார்கள். இந்த அலைச்சலிலேயே பாதிப் புகார்கள் செத்துப்போகின்றன. இதை வெட்ட ஒரே வழி, இடத்தின் புல எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேராக அது சாலைப் புறம்போக்கா, ஓடைப் புறம்போக்கா, பட்டா நிலமா என்று எழுதியிருக்கும். ‘ஊருக்கு வெளியே பாலத்துகிட்ட’ என்று எழுதிய மனுவைத் திருப்பி அனுப்புவது சுலபம். புல எண்ணும் வகைப்பாடும் எழுதிய மனுவை அப்படித் தள்ள முடியாது.

யார் இடமானாலும் ஊராட்சி தன் பொறுப்பைக் கழித்துவிட முடியாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ன் 110-வது பிரிவு, தெருக்களைச் சுத்தம் செய்வதையும் குப்பைமேடுகளை அகற்றுவதையும் கிராம ஊராட்சியின் கடமைகளில் வைத்திருக்கிறது. சப்பாத்திக்கள்ளியை அகற்றுவதுகூட அதில் இருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் காலத்திலும் இந்தக் கடமை அப்படியேதான். ‘நிதி இல்லை’ என்ற பதிலுக்கு உச்ச நீதிமன்றம் 1980-லேயே முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகராட்சி சாக்கடையையும் கழிவையும் சரிசெய்யப் பணமில்லை என்று சொன்னபோது, பணமில்லை என்று சொல்லி மக்களின் சுகாதாரத்தைக் கைவிட முடியாது என்று நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். அந்த வழக்கு வந்த வழி பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவு. இப்போது அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152-வது பிரிவு. பொதுத்தொல்லையை அகற்றச் சொல்லி உத்தரவு போட இது வருவாய்க் கோட்டாட்சியருக்கு அதிகாரம் தருகிறது. கிராமத்து ஆட்களுக்கு இதைவிடக் கைக்கு எட்டும் சட்டம் இல்லை என்பது என் எண்ணம். வக்கீல் கட்டாயமில்லை, சென்னைக்குப் போக வேண்டியதில்லை. ஆனாலும் இதைக் கேட்டு மனு எழுதுகிறவர்கள் மிகக் குறைவு.

வண்டி கொட்டும்போதே கண்ணில் பட்டுவிட்டால்? ஊரே கூடி லாரியைச் சிறைபிடிப்பது வழக்கம். கோபம் நியாயமானது. ஆனால் டிரைவர் மேல் கை வைத்த நொடியில் வழக்கு திசை மாறிவிடும். குப்பை கொட்டியவர் புகார்தாரர் ஆகிவிடுவார், ஊர் இளைஞர்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்பார்கள். வண்டி எண், வண்டி நிற்கும் இடம், உள்ளே இருக்கும் சரக்கு மூன்றும் தெரியும்படி வீடியோ எடுங்கள். 112-க்குக் கூப்பிடுங்கள். கிராம நிர்வாக அலுவலரை வரவழையுங்கள். போலீசில் எழுத்துப் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். நோய் பரவ இடம்கொடுக்கும் அலட்சியம் பாரதிய நியாய சன்ஹிதா 271-வது பிரிவிலும், பொது நீர்நிலையைக் கெடுப்பது 279-வது பிரிவிலும் குற்றம். முதல் தகவல் அறிக்கை போட மறுத்தால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

சட்டத்தில் ஓட்டையும் இருந்துவந்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் நகரங்களையும் நகரையொட்டி வளர்ந்த ஊர்களையும் மனதில் வைத்தே எழுதப்பட்டவை. நகரத்தில் பிடி இறுகும்போது குப்பை நகரத்தைவிட்டு வெளியே வருவது இயற்கைதானே? திருப்பூரைச் சுற்றிக் கைவிடப்பட்ட பாறைக்குழிகளில் மாநகராட்சிக் குப்பை கொட்டப்படுவதை எதிர்த்து 2025-ல் ஊர்மக்கள் தெருவுக்கு வந்தார்கள். நகரத்தின் குப்பையைக் கிராமத்தின் குழி சுமக்க வேண்டும் என்று எந்த விதி சொல்கிறது? தண்டனையும் மாறியிருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986-ல் ஐந்தாண்டு வரை சிறை இருந்தது. 2023-ல் வந்த ஜன் விஸ்வாஸ் திருத்தம் அதை எடுத்துவிட்டு, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம் என்றாக்கியது. இன்னொரு பக்கம் மருத்துவக் கழிவு கொட்டுகிறவர்களைக் குண்டர் சட்டத்தில் அடைக்க 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் திருத்தம் நிறைவேற்றியது. கேட்கக் கடுமையாக இருக்கிறது. ஆனால் விசாரணையில்லாமல் உள்ளே வைக்கும் சட்டத்தில் முதலில் மாட்டுவது டிரைவரும் இடம் காட்டிய தரகரும்தான். கழிவை மலிவான ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிட்டு, அது எங்கே போனது என்று கேட்காமல் இருந்த நிர்வாகத்திடம் பெருந்தொகை பிடுங்கும்வரை வண்டிகள் நிற்காது என்று நினைக்கிறேன்.

பெரிய அளவில் கொட்டியிருந்தாலோ அலுவலகங்கள் அசையாவிட்டாலோ பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறது. நீங்களே வாதாடலாம். நாள் கணக்கை மட்டும் விட்டுவிடக் கூடாது: பொதுவான மனுவுக்குப் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம், தகுந்த காரணம் காட்டினால் மேலும் அறுபது நாள். இழப்பீடும் இடத்தைப் பழையபடி மீட்டுத் தருவதும் கேட்க ஐந்தாண்டு. அதனால்தான் முதல் மனுவின் நகலும் ஒப்புகைச் சீட்டும் பத்திரமாக இருக்க வேண்டும் என்கிறோம். மனுவுக்குப் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, ‘இன்ன தேதியிட்ட மனுவின் மீது எடுத்த நடவடிக்கை என்ன’ என்று ஒரே வரி கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

குப்பையை அள்ள வரும் தூய்மைக் காவலர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. பெரும்பாலும் நம் ஊர்ப் பெண்கள். சாதாரணத் துணிக் கையுறையோடு, சில இடங்களில் அதுவும் இல்லாமல், ஊசி கலந்த குவியலில் கை விடுகிறார்கள். மருத்துவக் கழிவை மற்ற குப்பையோடு கலப்பதே சட்டவிரோதம். அதை இவர்கள் தலையில் கட்ட யாருக்கும் உரிமை இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குத் தெரிவித்து, அங்கீகாரம் பெற்ற சுத்திகரிப்பு நிறுவனத்தின் வண்டியை வரவழைக்க வேண்டும். அதற்குள் யார் கையிலாவது ஊசி குத்திவிட்டால் ரத்தத்தைப் பிதுக்காமல், வாயில் வைத்து உறிஞ்சாமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்தில் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் கடந்தால் பயன் இல்லை. மஞ்சள் காமாலை ‘பி’ வகைக்கும் டெட்டனஸுக்கும் ஊசி தேவையா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

பெரிய வண்டிகள் அல்லாத சில்லறைக் குப்பையில் விவசாயியை அதிகம் வாட்டுவது சரக்கு பாட்டில். குடித்துவிட்டு வரப்பில் அடித்து உடைத்துவிட்டுப் போகிறார்கள். சேற்றுக்குள் கிடக்கும் சில்லு நடவு நடும் பெண்ணின் பாதத்தில் ஏறும்போதுதான் வெளியே வருகிறது. வருடக்கணக்காக அறிவுரை சொல்லியும் நடக்காதது, 2022-ல் நீலகிரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டலில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரத் தொடங்கியதும் நடந்தது. காட்டிலும் தோட்டத்திலும் கிடந்திருக்கக்கூடிய பாட்டில்களில் பெரும்பகுதி கடைக்கே திரும்பியது. பிறகு திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் போனது. உங்கள் பக்கத்துக் கடை காலி பாட்டிலை வாங்க மறுத்தால் அதுவும் புகாருக்குரிய விஷயம்தான். முதல்வரின் உதவி மையத்துக்கு 1100-ல் சொல்லலாம்.

கிராமசபை வருடத்தில் ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ‘சுகாதாரத்தைப் பேணுவோம்’ என்று தீர்மானம் போட்டால் பதிவேட்டில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான். எந்தப் புல எண்ணில் கொட்டுகிறார்கள், அங்கே வண்டி ரிவர்ஸ் எடுக்க முடியாதபடி எந்த இடத்தில் பள்ளம் வெட்டுவது, எந்தக் கம்பத்தில் விளக்குப் போடுவது, ஊரிலுள்ள கோழிக்கடைகளின் கழிவை யார் எடுத்துப்போகிறார்கள், அதற்கு ரசீது இருக்கிறதா, நம் ஊர்க் குப்பையே கண்மாய்க்குப் போகாமல் எங்கே பிரித்து வைக்கப்படும் என்று பெயரும் தேதியும் போட்டு எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் தீர்மான நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கோட்டாட்சியரிடம் 152-வது பிரிவில் கொடுக்கும் மனுவோடு இணைக்க அந்த நகல் வேண்டியிருக்கும்.