ஆர்.கே.பேட்டை டு ஷேக்ஸ்பியர்!

பி.ஏ. இங்கிலீஷ் ஃபர்ஸ்ட் இயர் சேர்ந்தாச்சா? வாழ்த்துகள் பாஸ்! ஆர்.கே.பேட்டையில பஸ் ஏறி திருத்தணி பக்கம் காலேஜுக்குப் போனா, மேடம் முழுக்க முழுக்க இங்கிலீஷ்ல பேசறாங்க. 'தப்பான கோர்ஸ் எடுத்துட்டோமோ?'ன்னு பல்ஸ் எகிறுதா? கூல்!

நம்ம ஏரியாவுல நிறைய வீடுகள்ல பேசறது தெலுங்கு, ஸ்கூல்ல படிச்சது தமிழ். ரெண்டையும் அசால்ட்டா சமாளிச்ச உங்களுக்கு மூணாவது மொழி வராதா? 'மால்குடி' புகழ் ஆர்.கே.நாராயணே காலேஜ் நுழைவுத் தேர்வில் இங்கிலீஷில் கோட்டை விட்டவர்தான். அந்த இடைவெளியை வாசிச்சே நிரப்பினார். 1960-ல் 'தி கைடு' நாவலுக்கு சாகித்ய அகாடமி விருதே வாங்கினார்!

உங்களுக்கு சில டிப்ஸ்...

* நாடகமா? முதல்ல கதையைத் தமிழ்ல தெரிஞ்சுக்குங்க. அப்புறம் மூலம். கைடு நோட்ஸ் கடைசியிலதான்.

* சாஸர் எழுதினது 14-ம் நூற்றாண்டு இங்கிலீஷ். அதைப் படிக்க இங்கிலாந்துக்காரங்களுக்கே அருஞ்சொற்பொருள் வேணும். புரியலைன்னா வெட்கப்படாதீங்க.

* தினம் ஒரு பக்கம் சத்தமா வாசிங்க. வீட்டுல தறி ஓடுதா? ரொம்ப நல்லது, கிண்டல் பண்ண யாருக்கும் காதுல விழாது!

* டவுட்டைத் தமிழ்லயாவது கேட்டுடுங்க. கேட்காத டவுட்தான் பின்னால அரியரா வந்து நிக்கும். எங்க இன்ஜினீயரிங் ஹாஸ்டலே இதுக்கு சாட்சி!