விழுவது முதுமையின் விதியன்று

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தில் வாழ்நாள் சான்றிதழ் அளிப்பதற்காக ஓய்வூதியர் பலர் வங்கிக் கிளைகளுக்கு வருகின்றனர். பெயர் அழைக்கப்பட்டதும் அவர்கள் இருக்கையிலிருந்து எழுவதைச் சற்றே கவனியுங்கள். சிலர் எளிதாக எழுந்து நடக்கின்றனர். சிலரோ இரு கைகளையும் ஊன்றி, ஓரிரு முறை முயன்ற பின்னரே எழுகின்றனர். கால் தசைகள் வலுவிழந்து வருவதன் அறிகுறி இது. இத்தகையோர் தடுமாறி விழும் வாய்ப்பும் கூடுதல்.

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களுள் 60 வயதைக் கடந்தோரே மிகுதி. உயிர் பிழைத்தாலும், இடுப்பெலும்பு முறிந்தோர் பலர் முன்போல் பிறர் துணையின்றி நடமாட இயலுவதில்லை.

நாம் நிமிர்ந்து நிற்கக் கண்ணும், உட்செவியும், பாதங்களிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு நரம்புகளும் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூளையின் கட்டளைப்படி தசைகள் உடலைத் தாங்குகின்றன. வயது ஏற ஏற இவை யாவும் மெல்லத் தளர்கின்றன. நீரிழிவால் பாத உணர்வு குன்றியோருக்கும், கண்புரை உள்ளோருக்கும் இடர் இன்னும் அதிகம்.

ஒருமுறை விழுந்தவரிடம், "எழுந்திருக்க வேண்டாம், உட்கார்ந்தே இருங்கள்" என்று பிள்ளைகள் அன்பினால் சொல்வர். அவரும் அச்சத்தால் நடப்பதைக் குறைத்துக்கொள்வார். பயன்படாத தசைகள் மேலும் மெலியும். அடுத்த வீழ்ச்சி விரைந்து வரும்.

இச்சுழற்சியை உடைப்பதே இயன்முறை மருத்துவத்தின் பணி. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் வகுத்த பயிற்சித் திட்டத்தில், கால் வலுவுக்கும் சமநிலைக்குமான பயிற்சிகளை முதியோர் வாரம் மூன்று நாள் வீட்டிலேயே செய்கின்றனர். இயன்ற நாள்களில் நடைப்பயிற்சியும் உண்டு. இதனை ஆராய்ந்தபோது வீழ்ச்சிகள் ஏறத்தாழ 35 விழுக்காடு குறைந்தன. 80 வயதைக் கடந்தோரும் இதனால் பயனடைந்தனர்.

உங்கள் வீட்டு முதியவரின் நிலையை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, இயல்பான நடையில் 3 மீட்டர் சென்று, திரும்பி வந்து அமரட்டும். அருகில் ஒருவர் துணை நிற்க வேண்டும். இதற்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், மருத்துவரையும் இயன்முறை மருத்துவரையும் நாடுதல் நலம்.

பொதுவாகக் கற்பிக்கப்படும் பயிற்சிகள் எளியவையே. சுவரோடு சேர்த்து இட்ட நாற்காலியில் பலமுறை அமர்ந்து எழுதல். சமையல் மேடையைப் பற்றிக்கொண்டு குதிகால்களை உயர்த்தித் தாழ்த்துதல். ஒரு பாதத்தின் முன் மற்றொன்றை வைத்துச் சிறிது நேரம் நிற்றல். எதை, எத்தனை முறை செய்வது என்பதை உடல்நிலைக்கேற்ப இயன்முறை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். வலு கூடக்கூடப் பயிற்சியும் கடினமாக வேண்டும். இடையில் நிறுத்தினால் பயன் மறைந்துவிடும்.

பயிற்சியோடு வீட்டையும் சீர்செய்யுங்கள். குளியலறையில் கைப்பிடியும் வழுக்காத தரைவிரிப்பும், படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கும் அமையட்டும். தூக்க மருந்துகளும் இரத்த அழுத்த மருந்துகளும் தலைச்சுற்றல் தரக்கூடும். அவற்றைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

இன்று கைப்பேசி வழியாகவே வாழ்நாள் சான்றிதழ் அளிக்கலாம்; 70 வயதைக் கடந்தோருக்கு இல்லம் தேடி வரும் வங்கிச் சேவையும் உண்டு. இயலாதோருக்கு இவை பெருந்துணை. இயன்றவர்களோ நடப்பதைக் கைவிடலாகாது. வங்கிக்கு வருவது தேவையால் அன்றி விருப்பத்தால் என்னும் நிலை முதுமையிலும் வாய்க்க, இன்றே நாற்காலியிலிருந்து எழுந்து பழகுவோம்.